தடுப்பூசிக்குப் பின் பிள்ளைக்குப் பாதிப்பு: இழப்பீட்டுக் கோரிக்கையைத் தயாரித்து இணக்கத்தில் முடிப்பது எப்படி?

தடுப்பூசி போட்ட பின்னர் தம் பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறி வருகின்ற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, பிள்ளையின் தடுப்பூசி விபரங்கள் எழுதப்படும் கிளினிக் புத்தகம் கையில் இருக்கிறதா என்பதையே. நான் சட்டத்தரணி அல்லன்; இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் சட்டத்தரணியிடம் போவதற்கு முன்னர் தங்கள் ஆவணங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவி வருபவன். இத்தகைய கோரிக்கை ஒன்றின் பலம், சம்பவம் நடந்த முதல் சில வாரங்களுக்குள் சேர்க்கப்படும் காகிதங்களிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஒன்றரை வருடம் கழித்து, புத்தகமும் இல்லாமல், தடுப்பூசி போட்ட திகதியும் நினைவில்லாமல் வருகின்ற தாயின் வேதனை உண்மையானதாக இருந்தாலும், அதை வைத்து எவரிடமும் ஒரு தொகையைக் கோர முடிவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.

எதை நிரூபிக்க வேண்டும்?

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பும் செய்திகளைப் பார்த்து, தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தானாகவே பணம் கொடுக்கும் என்று நம்பி வருவோர் பலர். ஐக்கிய அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அப்படி ஒரு திட்டம் இருக்கிறது; அங்கே யாருடைய தவறையும் நிரூபிக்காமலே, குறிப்பிட்ட பாதிப்புகளுக்கு இழப்பீடு பெற வழி உண்டு. இலங்கையில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளுக்கு அத்தகைய தனித்திட்டம் கிடையாது. இங்கே இழப்பீடு கேட்பவர் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் தீங்குக்கான வழக்கையே நம்பியிருக்க வேண்டும். அந்த வழக்கில் மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்: ஒருவர் கவனயீனமாக நடந்தார் என்பது, அந்தக் கவனயீனமே பிள்ளையின் பாதிப்புக்குக் காரணம் என்பது, அதனால் பணத்தால் மதிப்பிடக்கூடிய நட்டம் ஏற்பட்டது என்பது. பேச்சுவார்த்தையில் எதிர்த் தரப்பு எவ்வளவு இறங்கி வரும் என்பதும் இந்த மூன்றில் எத்தனையை நீங்கள் காட்ட முடியும் என்பதைப் பொறுத்தே அமையும்.

இவற்றுள் மிகக் கடினமானது இரண்டாவது. தடுப்பூசிக்குப் பின் நடந்தது எல்லாம் தடுப்பூசியால் நடந்ததாகிவிடாது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான ஐங்கூட்டுத் தடுப்பூசியும், ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கு எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசியும், பன்னிரண்டாம் மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் போடப்படுகின்றன. பிறவியிலேயே உள்ள வலிப்பு நோய்களும் வளர்ச்சிக் குறைபாடுகளும் வெளியே தெரியவரும் காலமும் இதுவே. இலங்கையில் 2008ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமான ஐங்கூட்டுத் தடுப்பூசி, சில குழந்தைகளின் மரணங்களைத் தொடர்ந்து அதே ஆண்டு ஏப்ரலில் இடைநிறுத்தப்பட்டது; நிபுணர்கள் ஆராய்ந்த பின்னர் 2010இல் மீண்டும் கொடுக்கப்படலாயிற்று. எம்.எம்.ஆர். தடுப்பூசி ஓட்டிசத்தை உண்டாக்கும் என்ற பேச்சுக்கு மூலமான 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. பெருந்தொகையான பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஓட்டிசத்தைக் காரணமாகக் காட்டி வரும் பெற்றோரிடம், இந்த வழியில் பணத்தையும் காலத்தையும் செலவிட வேண்டாம், அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் மற்றப் பயிற்சிகளுக்கும் வைத்திருங்கள் என்றே நான் சொல்லி வருகிறேன். சொல்வதற்கு மனம் வராத வார்த்தைதான். ஆனால் பொய்யான நம்பிக்கையைக் கொடுப்பது அதைவிடக் கொடியது.

மறுபக்கத்தில், தடுப்பூசியோடு தொடர்புடையவை என்று மருத்துவமே ஏற்றுக்கொண்ட பாதிப்புகளும் உண்டு. அவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு இருக்கிறது. உயிராபத்தான ஒவ்வாமை பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில், பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும், எம்.எம்.ஆர். ஊசியின் பின் வரும் காய்ச்சலும் அதனோடு வரும் வலிப்பும் ஏறக்குறைய 5 முதல் 12 நாட்களுக்குள் வரும். பிறந்தவுடன் போடப்படும், காசநோய்க்கு எதிரான பீ.சீ.ஜீ. ஊசியின் பின் அக்குளில் நெறி கட்டுவது வாரங்கள், மாதங்கள் கழித்தும் நிகழலாம். வாய்வழிப் போலியோ மருந்தினால் மிக மிக அரிதாகக் கைகால் செயலிழப்பு ஏற்படுவதும் உண்டு. பிள்ளையின் கைகால் திடீரெனத் தளர்ந்தால், 14 நாட்களுக்குள் இரண்டு மல மாதிரிகளை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது வைத்தியசாலையின் கடமை. அந்தப் பரிசோதனை முடிவின் பிரதி உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். எனவே உங்கள் பிள்ளைக்கு அறிகுறி தொடங்கிய நாளையும், முடிந்தால் மணியையும் எழுதி வைப்பது, வேறு எந்தச் சாட்சியத்தையும் விட மதிப்புடையது.

மருந்தின் இயல்பான பக்கவிளைவு நேர்ந்தது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. யாரோ செய்திருக்கக் கூடாததைச் செய்தார் அல்லது செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதும் வேண்டும். முந்திய தடவை கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதாகப் புத்தகத்தில் எழுதியிருந்தும் அதே மருந்தை மீண்டும் போட்டது, ஊசி போட்ட பின் பிள்ளையைக் கண்காணிப்பில் வைக்காமல் உடனே அனுப்பியது, ஒவ்வாமைக்குக் கொடுக்க வேண்டிய அட்ரினலின் அங்கே இல்லாதது, 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டிய மருந்தைக் கெட விட்டது, கரைத்த எம்.எம்.ஆர். மருந்தை 6 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து பயன்படுத்தியது போன்றவை கவனயீனத்துக்குத் தெளிவான உதாரணங்கள். 2018ஆம் ஆண்டு சமோவாத் தீவில், எம்.எம்.ஆர். தூளைக் கரைக்கும் நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைக் கலந்து போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. மருந்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை, கலந்த கையில்தான் தவறு இருந்தது. உங்கள் கோரிக்கையும் மருந்தைக் குற்றம் சொல்கிறதா, மருந்தைக் கையாண்ட விதத்தைக் குற்றம் சொல்கிறதா என்பதை ஆரம்பத்திலேயே பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். இணக்கத்தில் முடிந்த கோரிக்கைகளாக நான் அறிந்தவை எல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே.

தவறு நடந்தது என்று காட்டிய பின்னரும் காரணத் தொடர்பு இல்லாமல் தோற்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. நோயைச் சரியாகக் கண்டறியாமல் விட்டதாகக் கூறி, இறந்துபோன சிறு பெண்பிள்ளையின் தந்தை வைத்தியர் ஒருவருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. பிள்ளைக்கு இருந்தது மூளைத்தண்டுக் கட்டி. கவனயீனமே மரணத்துக்குக் காரணமாயிற்று என்பது போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்த துயரத்துக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் பெற்றோர் பணம் பெற முடியாது என்பதும் அதே தீர்ப்பில் சொல்லப்பட்டது. எதிர்த் தரப்புச் சட்டத்தரணி இந்தத் தீர்ப்பைத் தவறாமல் எடுத்துக் காட்டுவார். அதற்குரிய பதிலோடு போக வேண்டும்.

முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போவதே முதல் வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது கிளினிக் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தடுப்பூசி, எந்தத் திகதி, எந்தத் தொகுதி இலக்கம் (மருந்துக் குப்பியிலுள்ள பெச் நம்பர்) என்பவை அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொகுதி இலக்கம் எழுதப்படாமல் இருந்தால், ஊசி போட்ட குடும்பநல உத்தியோகத்தரிடம், நம் பக்கத்தில் மிட்வைப் மிஸ் என்று அழைக்கிறோமே அவரிடம், பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். மழையிலும் பனியிலும் மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று தோட்டப் பிரிவுகளில் ஏறி இறங்கி நம் பிள்ளைகளைப் பார்ப்பவர் அவர். பல சந்தர்ப்பங்களில் உண்மையை எழுதி வைத்திருப்பவரும் அவரே.

அடுத்தது, பாதிப்பை முறைப்படி அறிவிக்கச் செய்வது. தடுப்பூசிக்குப் பின்னரான பாதக நிகழ்வுகளைப் பதிவு செய்யும் முறை இலங்கையில் 1996ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பிள்ளையைப் பார்த்த வைத்தியரோ கிளினிக் உத்தியோகத்தரோ அதற்குரிய படிவத்தை நிரப்பிப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மரணம், உயிராபத்து, வைத்தியசாலையில் அனுமதி, நிலையான ஊனம் போன்ற பாரதூரமான நிகழ்வுகள் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு உடனே அறிவிக்கப்பட வேண்டும். அங்கே நிபுணர்கள் காரணத் தொடர்பை மதிப்பிடுவார்கள். இந்த அறிவித்தல் நடந்ததா என்று சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். நடக்கவில்லையாயின், திகதி, மருந்து, அறிகுறி, அனுமதித்த வைத்தியசாலை ஆகியவற்றை எழுதிய ஒரு கடிதத்தைத் தமிழிலேயே கொடுத்து, உங்கள் பிரதியில் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில், நோய் நிர்ணய அட்டையை வாங்கியவுடன் அங்கேயே வாசித்துப் பாருங்கள். தடுப்பூசி போட்ட திகதி அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டங்களில் இந்தப் பெயர்ச் சிக்கல் பெரிய தலைவலி: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கிளினிக் புத்தகத்தில் வீட்டுப் பெயர், வைத்தியசாலைக் கட்டில் அட்டையில் சிங்களத்தில் கேட்டு எழுதிய வேறொரு பெயர். மூன்றும் ஒரே பிள்ளைக்குரியவை என்று சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன்னிலையில் ஆரம்பத்திலேயே முடித்து வைத்தால், பின்னர் எதிர்த் தரப்பு அதைச் சாக்காகக் கொண்டு காலத்தை இழுக்க முடியாது.

பிள்ளை இறந்துவிட்டால், அன்றைக்கே அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சுற்றியுள்ளவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் இதைச் சொல்ல எவருக்கும் நா எழாது. ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் உங்கள் சந்தேகத்தை வாக்குமூலமாகச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையைக் கேளுங்கள். அது இல்லாமல் மரணத்தின் காரணத்தைப் பின்னர் நிறுவுவது அநேகமாக இயலாத காரியம்.

அலுவலகங்களில் உள்ள பதிவுகளைப் பெறுவது

உங்கள் கையில் இல்லாத ஆவணங்களே கவனயீனத்தைக் காட்டக் கூடியவை: அன்றைய கிளினிக்கின் தடுப்பூசிப் பதிவேடு, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பு, மருந்துக் கையிருப்புப் பதிவு, அதே தொகுதி மருந்தைப் பெற்ற மற்றப் பிள்ளைகளுக்கு ஏதும் நேர்ந்ததா என்ற எண்ணிக்கை, பாதக நிகழ்வு விசாரணையின் முடிவு, வைத்தியசாலைக் கட்டில் அட்டை. இவற்றைப் பெற 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி தருகிறது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எதைக் கேட்கிறீர்கள் என்பதைத்தான் திட்டவட்டமாக எழுத வேண்டும். "என் பிள்ளையின் எல்லா விபரமும் தாருங்கள்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இன்ன திகதியில் இன்ன கிளினிக்கில் மருந்து வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டியின், அதற்கு முந்திய 30 நாட்களுக்குரிய வெப்பநிலைப் பதிவின் பிரதி" என்று எழுதினால் வரும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் உங்கள் அடையாள அட்டையின் பிரதியையும் இணைத்துவிடுங்கள். பிள்ளையின் மருத்துவத் தகவலை வேறு யாரோ கேட்கிறார் என்ற மறுப்புக்கு அப்போது இடமிராது.

தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். தனியார் கிளினிக் என்றால் இந்தச் சட்டத்தை அப்படியே பயன்படுத்த முடியாது; அங்கே சட்டத்தரணி எழுதும் கடிதமும், வழக்குத் தொடங்கிய பின் நீதிமன்றக் கட்டளையுமே வழி.

காலம்

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இதில் தவறிய குடும்பங்களைக் கண்டிருப்பதே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, தீங்கு அல்லது சேதத்துக்கான வழக்கை அதன் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பராயமடையாத பிள்ளைக்குச் சட்டம் சில சலுகைகளைக் கொடுக்கிறது. ஆனால் பெற்றோர் தம் செலவுகளுக்காகக் கேட்கும் தொகைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. இரண்டு ஆண்டு என்பதே எல்லை என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே பாதுகாப்பு.

அரசுக்கோ அரச உத்தியோகத்தருக்கோ எதிரான வழக்கானால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி, வழக்குக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்க வேண்டுமென வைத்துத் திட்டமிடுங்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதால் காலம் நின்றுவிடாது. "அடுத்த மாதம் வாருங்கள், மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்" என்று கேட்டுக் கேட்டே இரண்டு ஆண்டு கடந்த பின், எதிர்த் தரப்புக்குப் பேச வேண்டிய தேவையே இல்லாமற் போகிறது. பேச்சு நன்றாகப் போனாலும் வழக்கைக் காலத்துக்குள் பதிந்துவிட்டுப் பிறகு பேசலாம். வழக்குப் பதிந்த பின்னரும் இணக்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவொன்றை உயர் நீதிமன்றத்தில் இடுவதாயின் அதற்கு ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேர்க்கப்படாது. எல்லாத் தடுப்பூசிப் பாதிப்பும் அடிப்படை உரிமை மீறலாகிவிடாது. ஆகையால் முதல் வாரத்திலேயே சட்டத்தரணி ஒருவரின் கருத்தைக் கேளுங்கள். வைத்தியர் மீது இலங்கை மருத்துவச் சபையில் முறையிடலாம். அச்சபை ஒழுக்க நடவடிக்கை எடுக்குமே தவிர இழப்பீடு வழங்காது.

யாரிடம் கேட்பது, யாரைக் கொண்டு கேட்பது

அரச கிளினிக்கில் நடந்த தவறுக்கு, தீங்கு தொடர்பான அரசின் பொறுப்பை வகுத்த 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசிடம் இழப்பீடு கேட்கலாம். அரசு சார்பில் சட்டமா அதிபரின் பெயரிலேயே வழக்கு அமையும். பிரதேசச் சுகாதாரச் சேவை மாகாணத்தின் கீழ் வருவதால், மாகாண நிர்வாகத்தையும் சேர்க்க வேண்டுமா என்பதைச் சட்டத்தரணி தீர்மானிப்பார். தோட்ட டிஸ்பென்சரியில் அல்லது பிள்ளைக் காம்பரா எனும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கிளினிக் நடந்திருந்தால், ஊசி போட்டவர் யாருடைய ஊழியர், மருந்து யாருடைய பெட்டியில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். இடம் தோட்டத்துக்குரியது என்பதால் மட்டும் தோட்டக் கம்பெனி பொறுப்பாளியாகாது. நகரத்துத் தனியார் கிளினிக் என்றால், ஊசி போட்ட வைத்தியரும் அந்த நிறுவனமும் சேர்ந்தே எதிராளிகளாவர்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் கோரிக்கையைக் கைவிட வேண்டாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, குறைந்த வருமானமுள்ளவர்களுக்காக வழக்காடுகிறது. அதன் நிலையங்கள் நீதிமன்றங்களை அண்டி இயங்குகின்றன. கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றையும் சம்பளத் துண்டையும் கொண்டு போங்கள். எந்தச் சட்டத்தரணியானாலும், சிறுவர் நரம்பியல் அல்லது ஒவ்வாமை பற்றிய நிபுணர் ஒருவரின் கருத்தை எழுத்தில் பெறும் வரை தொகை பற்றிப் பேசத் தொடங்க வேண்டாம் என்று நீங்கள் வற்புறுத்த வேண்டும். பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலையிலோ கொழும்பு சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலையிலோ பிள்ளைக்குச் சிகிச்சை அளித்த நிபுணரின் அறிக்கை, வெளியார் ஒருவரின் அபிப்பிராயத்தைவிடக் கூடுதல் நிறையுடையது.

தொகையைக் கணக்கிடுவது

"ஐம்பது இலட்சம் கேட்போம், இருபது கொடுப்பார்கள்" என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். ஆதாரமற்ற பெரிய தொகை, எதிர்த் தரப்பை எல்லாவற்றையும் சந்தேகிக்க வைக்கும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். மருந்துக் கடைச் சீட்டுகள், பேராதனைக்குப் போய் வந்த ஓட்டோ, வேன் கூலிகள், தங்குமிடச் செலவு என்பன கடந்த காலச் செலவு. தாய் வேலைக்குப் போகாத நாட்களுக்குரிய இழப்பைக் காட்டத் தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலைவிடச் சிறந்த சாட்சி இல்லை: எந்த நாளில் பேர் விழுந்தது (முழு நாள் வேலை), எந்த நாளில் அரைப் பேர், எந்த நாளில் ஒன்றுமில்லை என்பது அதில் அப்படியே இருக்கும். சம்பவத்துக்கு முந்திய ஆறு மாதச் சம்பளத் துண்டுகளையும் பிந்திய ஆறு மாதச் சம்பளத் துண்டுகளையும் அருகருகே வைத்தால் வேறு விளக்கமே தேவைப்படாது.

அதைவிடப் பெரியது எதிர்காலக் கணக்கு. நடக்க முடியாத பிள்ளைக்கு வளர வளரச் சக்கர நாற்காலியை மாற்ற வேண்டும். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு மாதம் எத்தனை தடவை நகரத்துக்குப் போக வேண்டும், வலிப்பு மருந்து எத்தனை ஆண்டுகளுக்கு வேண்டும், தாய்க்குப் பின் யார் பார்ப்பார், லயத்துக் காம்பராவின் (தோட்ட வரிசை வீட்டின்) வாசற்படியிலும் கழிவறையிலும் என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்பவற்றை நிபுணரின் அறிக்கையிலேயே எழுதச் செய்யுங்கள். பிள்ளை வளர்ந்து உழைக்கக் கூடிய ஆற்றலை இழந்தது ஒரு தலைப்பு. பிள்ளை அனுபவித்த வலியும் வேதனையும் இன்னொரு தலைப்பு. இவை பிள்ளைக்குரியவை, பெற்றோருக்குரியவை அல்ல. இரண்டையும் கலக்காமல் இரண்டு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தை

சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போன பின்னர், பல இடங்களிலிருந்து உங்களை அணுகுவார்கள். தோட்ட அலுவலகத்தில் வைத்துப் பேசி முடிப்போம் என்பார்கள். சங்கத்துத் தலைவரோ நகரத்துப் பெரியவரோ நடுவில் நிற்பார். நல்ல எண்ணத்தோடு வருபவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் சட்டத்தரணி இல்லாத இடத்தில் எந்தக் காகிதத்திலும் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவி என்று சொல்லி ஒரு தனியார் கிளினிக் கொடுத்த சிறு தொகைக்குத் தந்தை கையொப்பமிட்ட சிங்களப் பத்திரம், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற உறுதிமொழியாகப் பின்னர் காட்டப்பட்டது. அவருக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. உதவித் தொகையை வாங்குவதில் குற்றமில்லை. அது கருணைக் கொடுப்பனவு என்றும், கோரிக்கையைப் பாதிக்காது என்றும் தமிழில் எழுதிய பற்றுச்சீட்டின் மீதே வாங்க வேண்டும்.

அரசோடு நடக்கும் பேச்சு மெதுவாகவே நகரும். சட்டமா அதிபர் திணைக்களத்தின் கருத்து, சுகாதார நிர்வாகத்தின் இணக்கம், பணத்துக்கான அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் காலம் எடுக்கும். பொறுப்பை ஏற்காமலே ஒரு தொகையைத் தர அவர்கள் முன்வந்தால், அந்தச் சொற்றொடருக்காக இணக்கத்தைக் குலைத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. யார் தவறு என்று எழுத்தில் வாங்குவதா, பிள்ளையின் வைத்தியத்துக்குப் பணம் வாங்குவதா என்ற கேள்வி வந்தால், பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இணக்கத்தை நீதிமன்றத்தில் பதிவது

பராயமடையாத பிள்ளை தானாக வழக்காட முடியாது; தாய் அல்லது தந்தை உற்ற நண்பராக நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டு வழக்கை நடத்துவார். அந்த உற்ற நண்பர் நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் பிள்ளையின் சார்பில் இணக்கம் செய்துகொள்ள முடியாது. இது பிள்ளைக்குரிய பாதுகாப்பு. தொகை பிள்ளையின் தேவைக்குப் போதுமானதா என்று நீதிபதி பார்ப்பார். ஆகவே அனுமதி கேட்கும்போது நிபுணர் அறிக்கையையும் கணக்குப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இணக்க நிபந்தனைகளில் மொத்தத் தொகை, எத்தனை தவணை, எந்தத் திகதி, தவறினால் வட்டி என்ன, வழக்குச் செலவை யார் ஏற்பது, பெற்றோருக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்பவை தெளிவாக இருக்க வேண்டும். இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்று உறுதியளிக்கும் உரிமை விடுப்புப் பந்தியை மட்டும் மூன்று முறை வாசியுங்கள். "இந்தச் சம்பவத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளும்" என்று எழுதினால், இன்னும் வெளிப்படாத பாதிப்பும் அதில் அடங்கிவிடும். பிள்ளை மிகச் சிறியதாக இருந்து, பாதிப்பின் முழு அளவு தெரிய மூன்று நான்கு ஆண்டு செல்லும் என்று நிபுணர் சொன்னால், வழக்கைப் பதிந்து வைத்துவிட்டு இணக்கத்தைத் தாமதிப்பதே நல்லது. பத்திரம் சிங்களத்தில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பைக் கேளுங்கள். நீதிமன்றத்தில் பேசப்படுவதை உரைபெயர்ப்பாளர் மூலம் தமிழில் கேட்கும் உரிமையும் உண்டு.

நிபந்தனைகள் முடிவானதும், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 408ஆம் பிரிவின்படி அவற்றை நீதிமன்றத்துக்கு அறிவித்து, தீர்ப்பாணையாகப் பதிவு செய்விக்க வேண்டும். வெளியில் எழுதிய உடன்படிக்கையோடு நிறுத்திவிட்டால், பணம் வராதபோது புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டி வரும். தீர்ப்பாணையானால் அதே வழக்கில் நிறைவேற்றுக் கட்டளை கேட்கலாம்.

பிள்ளைக்குரிய பங்கைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பிலிடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். இடாவிட்டாலும் நீங்களே அதைக் கேளுங்கள். வீட்டுக்குக் கூரை போட, மூத்தவளின் கலியாணத்துக்கு என்று அந்தப் பணத்தைக் கேட்டு வருபவர்களுக்குச் சொல்ல நீதிமன்றக் கட்டளையைப் போல நல்ல பதில் இல்லை. சிகிச்சைக்குப் பணம் எடுக்க வேண்டியபோது, வைத்தியரின் கடிதத்தையும் செலவு மதிப்பீட்டையும் இணைத்து, சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; முன்பு எடுத்த பணத்துக்குரிய சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் அடுத்த விண்ணப்பம் இலகுவாகும். ஊனமுற்றோருக்கான கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிப்பதற்கு வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீதமுள்ள தடுப்பூசிகளைப் பற்றிச் சிறுவர் வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். எதை நிறுத்த வேண்டும், எதை வைத்தியசாலைக் கண்காணிப்பில் போடலாம் என்று அவர் எழுதித் தருவார். வழக்கு இருக்கிறது என்ற காரணத்தால் மற்ற நோய்களுக்குரிய பாதுகாப்பைப் பிள்ளை இழக்கக் கூடாது.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் மீதிப் பணம் அவருடைய கைக்கு வரும். பாதிப்பினால் தன் காரியங்களைத் தானே பார்க்க முடியாத நிலையில் பிள்ளை இருந்தால், அவருடைய சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பதினேழாம் வயதிலேயே, அண்மைக்கால வைத்திய அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பழைய தீர்ப்பாணையின் சான்றளிக்கப்பட்ட பிரதி ஆகியவற்றுடன் தொடங்கிவிடுங்கள்.